பிள்ளை அவர்களோடு இருக்கும் என்ற நினைப்பு

பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாஸ்காத் திருவிழாவுக்கு எருசலேம் சென்ற ஒரு தாயும் தந்தையும், ஊர் திரும்பும் வழியில் அந்தப் பிள்ளையைத் தவறவிட்ட கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததே. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் அது வருகின்றது. சூசையப்பரும் மரியாளும் கவலையீனமான பெற்றோர் அல்லர். ஊரவரும் உறவினரும் கூட்டமாக நடந்துவந்த பயணம் அது. கூட்டத்தில் யாரோடாவது பிள்ளை வரும் என்று நம்பி ஒரு நாள் முழுவதும் நடந்தார்கள். பின்பே தேடத் தொடங்கி, மூன்றாம் நாள் கோவிலில் கண்டார்கள்.

இப்பகுதியை வைத்துக் கீழ்ப்படிதல் பற்றியும் ஞானம் பற்றியும் மறையுரை ஆற்றுவது வழக்கம். கிராமங்களில் பாடசாலைகளோடும் பெற்றோரோடும் வேலை செய்பவன் என்ற வகையில் எனக்கு இதில் இன்னொன்றும் தென்படுகின்றது. பிள்ளை தங்கள் பக்கத்தில் இல்லை என்பது பெற்றோருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் "அவர்களோடு இருக்கும்" என்ற நினைப்பு அவர்களை அமைதிப்படுத்தியது. அந்த "அவர்கள்" யார் என்று புறப்படும்போது எவரும் கேட்கவில்லை.

மழை இருட்டிக்கொண்டு வரும் ஒரு நாளில் இதே நினைப்புத்தான் நமது கிராமங்களிலும் இரண்டு பக்கத்திலும் இருக்கின்றது. "பிள்ளை பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கும்" என்று வயலில் நிற்கும் தகப்பன் நினைக்கின்றார். "பிள்ளை இதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருக்கும்" என்று ஆசிரியை நினைக்கின்றார். இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில், வெள்ளம் மேவிப் பாயும் ஒரு பாலத்தடியில் பிள்ளை தனியே நிற்கின்றது.

இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. ஆபத்து நேரத்தில் பிள்ளையைப் பாடசாலை வாசலுக்கு வெளியே விடுவது பாதுகாப்பு ஆகாது. தெரிந்த ஒரு கையில் ஒப்படைப்பதே பாதுகாப்பு. அந்தக் கை யாருடையது, எந்த இடத்தில், எப்போது என்பதைப் பாடசாலையும் பெற்றோரும் மழைக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும்.

ஓடிய தாயும் ஓடிய மகனும்

1995 ஆம் ஆண்டில் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை மாணவன். பனங்குற்றி போட்டு மண்மூடை அடுக்கிய பதுங்கு குழிகள் எங்கள் பாடசாலை வளவில் இருந்தன. விமானச் சத்தம் கேட்டால் எந்த வகுப்பு எந்தக் குழிக்குள் இறங்குவது என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அந்த அளவில் எங்கள் ஆசிரியர்கள் கெட்டிக்காரர்கள்.

ஒரு நாள் சற்றுத் தூரத்தில் குண்டு விழுந்தது. விமானம் போனபின், "எல்லாரும் வீட்டை ஓடுங்கோ" என்று எங்களை விட்டுவிட்டார்கள். நான் பின்பக்க ஒழுங்கையால் ஓடினேன். அதே நேரம் அம்மா பெரிய றோட்டால் பாடசாலைக்கு ஓடி வந்தார். அங்கே பிள்ளைகள் இல்லை. வாசலில் நின்ற யாரோ ஒருவர், காயப்பட்ட பொடியன்கள் சிலரை ஏற்றிக்கொண்டு போனதாகச் சொல்லியிருக்கின்றார். அம்மா அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கட்டில் கட்டிலாகப் பார்த்தார். வீட்டில் அம்மாவைக் காணாத நான் அழுதுகொண்டு அவரைத் தேடி வேறு பக்கம் போனேன். பொழுதுபட்ட பிறகே ஒருவரை ஒருவர் கண்டோம். அன்று எங்கள் வீட்டில் எவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அம்மா சாகும்வரை அந்த நாளைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

அதே ஆண்டு செப்டெம்பர் 22 ஆம் திகதி வடமராட்சி கிழக்கு நாகர்கோவிலில் பாடசாலை மீது விமானக் குண்டுகள் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்ட மாணவர் கொல்லப்பட்டனர். பாடசாலை மீது குண்டு போடுபவனை எந்த ஆயத்தத் திட்டமும் தடுத்திருக்காது. அது வேறு நீதிக்குரிய விடயம். ஆனால் அதன் பிறகு விமானச் சத்தம் கேட்ட ஒவ்வொரு தடவையும் தாய்மார் பாடசாலையை நோக்கி ஓடினார்கள். அவர்களை ஓடாமல் வைத்திருக்கக்கூடிய ஒரே ஒரு சொல், "பிள்ளை இன்ன இடத்தில், இன்னாரோடு இருக்கும்" என்ற முன்னேற்பாடான சொல். அதை யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. நாம் குழி வெட்டியிருந்தோம், பேசி வைத்திருக்கவில்லை.

விடுமுறை காத்த பாடசாலைகள்

போர் முடிந்தபின் பதுங்கு குழிகளை மூடினோம். மூடத்தான் வேண்டும். ஆனால், "ஏதும் நடந்தால் என்ன செய்வது" என்று சிந்திக்கும் பழக்கத்தையும் அதே மண்ணால் மூடிவிட்டோமோ என்று எனக்குப் பயமாயிருக்கின்றது.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், விடுமுறைக் காலம். வடக்குக் கிழக்குக் கரையோரத்தில் பாடசாலைகள் பல உடைந்தன, ஆனால் வகுப்பறைகள் வெறுமையாக இருந்தன. 2018 டிசெம்பர் 21 ஆம் திகதி இரவு பெய்த பெருமழையில் இரணைமடுக்குளத்தின் வான் கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல்லாயிரம் பேர் வெள்ளத்தில் அகப்பட்டனர். அதுவும் தவணை விடுமுறை, அதுவும் இரவு. இரண்டு தடவையும் நமது பாடசாலைகளைக் காத்தது ஆயத்தம் அல்ல, நாட்காட்டியே.

நாட்காட்டி எப்போதும் நம் பக்கம் நிற்கும் என்று எண்ண முடியாது. 2024 இலும் 2025 இலும் நவம்பர் இறுதியில், உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருக்கையிலேயே புயல் மழை வந்து பரீட்சையை இடைநிறுத்தியது. 2025 நவம்பரில் டித்வா புயல் 600 க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலையகத்தில் மண் சரிந்து வீடுகளை மூடியது. பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் ஒரேயடியாக அறுந்தன.

2024 நவம்பர் 26 ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில் நடந்ததை நாம் மறக்கலாகாது. மழை காரணமாக விடுமுறை விடப்பட்டு மதரசாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம், காரைதீவை அடுத்த மாவடிப்பள்ளியில் வெள்ளம் மேவிப் பாய்ந்த வீதியில் புரண்டது. ஆறு மாணவர்கள் மாண்டனர். அவர்களோடு சென்ற பெரியவர்களும் தப்பவில்லை. எவரையும் குற்றம் கூறுவதற்காக இதை நான் எழுதவில்லை. மழை வந்தால் பிள்ளைகளை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்புவது என்பது நமது நாடு முழுவதிலும் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் காரியம். அந்த நல்லெண்ணத்தில் ஒரு ஓட்டை இருக்கின்றது என்பதையே சொல்கின்றேன். வீடு பத்திரமான இடமாக இருக்கலாம். பாடசாலையும் பத்திரமான இடமாக இருக்கலாம். இரண்டுக்கும் இடையிலுள்ள வழி பத்திரமா என்பதை யார் பார்ப்பது?

வயல் செய்கின்ற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஊரில் ஒரு துளி மழை இல்லாதபோதும், மேலே பெய்த மழைக்குக் குளம் நிரம்பி வான் பாயும் என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் பிள்ளை செருப்பு நனையாமல் கடந்த பாலத்தை மத்தியானம் பெரியவரே கடக்க முடியாது. முழங்கால் அளவு வேகமாக ஓடும் நீர் வளர்ந்த ஆளைச் சாய்க்கும். இரண்டு அடி ஓட்டம் வாகனத்தையே இழுக்கும். நகரத்திலிருந்து வந்து போகும் ஆசிரியருக்கு இது தெரியாதிருக்கலாம். உங்களுக்குத் தெரியும். அந்த அறிவு பாடசாலைக்குள் போகவேண்டும்.

இடம்பெயர்ந்தோருக்கு இரட்டிப்பு ஆபத்து

சொந்த ஊரில் வாழ்பவருக்கு இருக்கும் பாதுகாப்புகள் இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்துக்கு இல்லை. சொந்த ஊரில் பாடசாலைக்கும் வீட்டுக்கும் நடுவில் பெரியம்மா வீடு இருக்கும், மாமா வீடு இருக்கும். வழியில் நிற்கும் பிள்ளையை, "இன்னாருடைய பேரன்" என்று அடையாளம் கண்டு உள்ளே கூப்பிட ஆள் இருக்கும். புதிய இடத்தில் அந்தப் பிள்ளை யாரோ ஒரு பிள்ளை.

பாடசாலைச் சேர்வு இடாப்பில் உள்ள முகவரி இரண்டு இடப்பெயர்வுக்கு முந்தியது. கொடுத்த தொலைபேசி இலக்கம் இப்போது பாவனையில் இல்லை. தகப்பன் கூலி வேலைக்குத் தூரப் போயிருக்கின்றார், தாய் வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவோடு. அம்மம்மாவின் பெயர் பாடசாலையில் எங்கும் பதியப்படவில்லை. புதிய ஊரின் வாய்க்கால் எங்கே உடைக்கும், எந்தப் பள்ளம் முதலில் நிரம்பும் என்பது குடும்பத்துக்கும் தெரியாது. இதற்கு மேலாக, வெள்ளம் வந்தால் அந்தப் பாடசாலையே நலன்புரி நிலையமாகிவிடும். அப்போது வகுப்பறையில் இருப்பவர் யார், போனவர் யார் என்ற கணக்கும் குழம்பிப் போகும்.

மற்றொரு துன்பத்தையும் நான் பல இடங்களில் கண்டிருக்கின்றேன். பெற்றோர் கூட்டங்களில் இடம்பெயர்ந்த தாய்மார் பின்வாங்கில் இருப்பார்கள். "நாங்கள் வந்த சனம், எங்கட கதையை ஆர் கேட்பினம்?" என்பார்கள். அன்பான தாய்மாரே, இந்த விடயத்தில் உங்களைவிட அதிகம் தெரிந்தவர் அந்த மண்டபத்தில் இருக்கமாட்டார். ஒரு பையில் எதை எடுத்து வைப்பது, கூட்டத்தில் பிள்ளையின் கையை எப்படி விடாமல் பிடிப்பது, பிரிந்தால் எங்கே நின்று காத்திருப்பது என்பதை நீங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. வழியில் படித்தீர்கள். அதைப் பின்வாங்கில் வைத்துக்கொண்டிருப்பது சரியல்ல.

யப்பானில் ஒரே நாளில் இரண்டு விடைகள்

ஆயத்தம் என்பது காகிதத்தில் எழுதி வைப்பதா, அல்லது பேசிப் பழகுவதா? இக்கேள்விக்கு 2011 மார்ச் 11 ஆம் திகதி யப்பானில் இரண்டு விடைகள் கிடைத்தன. அன்று பெரும் நிலநடுக்கம் வந்து, அதைத் தொடர்ந்து ஆழிப்பேரலை வந்தது. வெள்ளிக்கிழமை, பாடசாலை நாள்.

இஷினோமாகி நகரின் ஒக்காவா ஆரம்பப் பாடசாலையில் திட்டம் எழுத்தில் இருந்தது. ஆனால் அலை வந்தால் எந்த இடத்துக்குப் போவது என்பது அதில் தெளிவாகக் குறிக்கப்படவில்லை. ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிள்ளைகளை முற்றத்தில் வைத்துக்கொண்டே எங்கே போவது என்று யோசித்தார்கள். பாடசாலைக்குப் பின்னால் ஒரு மலை இருந்தது. எழுபத்துநான்கு மாணவரும் பத்து ஆசிரியரும் மாண்டனர். பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். முன்கூட்டியே சரியாகத் திட்டமிடத் தவறியது பாடசாலையினதும் அதிகாரிகளினதும் பிழை என்ற தீர்ப்பு 2019 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது.

கமாய்ஷி என்னும் இன்னொரு கரையோர நகரில் மூவாயிரத்தை அண்டிய பாடசாலைப் பிள்ளைகளில் மிகச் சிலரைத் தவிர எல்லோரும் தப்பினர். பெரிய வகுப்பு மாணவர் சிறியவரின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினர். அந்த மேடு போதாது என்று கண்டதும் இன்னும் மேலே ஓடினர். அந்தப் பகுதி மக்களிடம், "தெந்தெங்கோ" என்று ஒரு பழைய சொல் உண்டு. அவரவர் தனித்தனியே உடனே மேட்டுக்கு ஓட வேண்டும் என்பது அதன் பொருள். முதலில் கேட்க அது கல்நெஞ்சமாகத் தோன்றும். ஆனால் அதன் உட்கருத்து வேறு. என் பிள்ளை ஓடியிருக்கும் என்று தாய் நம்புகின்றாள். அம்மா என்னைத் தேடி வராமல் தன்னைக் காத்துக்கொள்வார் என்று பிள்ளை நம்புகின்றது. அந்த நம்பிக்கை முன்பே வீட்டில் பேசி வந்த நம்பிக்கை. இங்கேதான் அது "அவர்களோடு இருக்கும்" என்ற வெறும் நினைப்பிலிருந்து வேறுபடுகின்றது.

பேசி முடிக்க வேண்டிய ஐந்து

கல்வி அமைச்சு பாடசாலை அனர்த்தப் பாதுகாப்புக்கான வழிகாட்டியை வெளியிட்டிருக்கின்றது. பல பாடசாலைகளில் குழுக்களும் அமைக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்தத் திட்டத்தைப் பெற்றோர் அறிந்திருக்கின்றார்களா என்பதே கேள்வி. பின்வரும் ஐந்தையும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பேசித் தீர்க்கலாம். பணச் செலவு மிகக் குறைவு.

முதலாவது, எப்போது பிள்ளையை வைத்திருப்பது, எப்போது விடுவது. குளம் வான் பாயும் செய்தி வந்தால், அல்லது குறித்த ஒரு பாலத்தில் நீர் ஏறினால், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளைத் தனியே விடுவதில்லை என்று தீர்மானிக்க வேண்டும். எந்தப் பாலம், எந்த அளவு என்பதை விவசாயிகளே சொல்லவேண்டும். கமக்காரர் அமைப்பிலிருந்து ஒருவர் பாடசாலைக்குச் செய்தி சொல்லும் பொறுப்பை ஏற்கலாம்.

இரண்டாவது, யாருடைய கையில் ஒப்படைப்பது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரைத் தவிர இன்னும் இருவரின் பெயர் எழுதப்பட வேண்டும். அதில் ஒருவராவது நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கவேண்டும். அந்த இடாப்பு ஒவ்வொரு தவணையும் திருத்தப்படவேண்டும். பிள்ளையை ஏற்பவர் அதில் ஒப்பம் இடவேண்டும். ஓட்டோவில் போகும் பிள்ளைகளுக்கு ஓட்டோக்காரரும் இந்தப் பேச்சில் இருக்கவேண்டும். நடக்க முடியாத, கண் தெரியாத பிள்ளையைத் தூக்கிச் செல்ல யார் என்பதும் இதில் அடங்கும்.

மூன்றாவது, பாடசாலையே ஆபத்தானால் எங்கே போவது. "மேடான இடம்" என்று எழுதினால் போதாது. கோவில் மண்டபமா, மாடிக் கட்டடமா, குளக்கட்டுக்கு அப்பாலுள்ள திடலா? பெயர் சொல்லவேண்டும். பெற்றோர் ஒருமுறை அந்த இடத்துக்கு நடந்து பார்க்கவேண்டும். பாடசாலையில் பிள்ளை இல்லாவிட்டால் அங்கேதான் இருக்கும் என்பது அம்மம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது, செய்தி எப்படி வரும். வாட்ஸ்அப் குழு நல்லதுதான். ஆனால் மின்சாரம் நின்று, கோபுரங்கள் செயலிழந்தால் அது பேசாது. காசு போடாத கைத்தொலைபேசிக்கு அது என்றுமே பேசாது. நம்மிடம் கோவில் மணி இருக்கின்றது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருக்கின்றது. சைக்கிளில் போகும் இளைஞர் இருக்கின்றார்கள். எந்த மணி, எத்தனை அடி என்றால் என்ன பொருள் என்று முடிவு செய்யலாம். பாடசாலை வாசற்கதவில் ஒரு கரும்பலகையைக் கட்டி, பிள்ளைகளோடு எங்கே போனோம் என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் போகலாம். 1995 இல் எங்கள் பாடசாலை வாசலில் அப்படி ஒரு பலகை இருந்திருந்தால் என் தாய் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கமாட்டார். வதந்திக்கும் அதுவே மருந்து. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் கிராம அலுவலரின் இலக்கத்தையும் பிள்ளையின் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஐந்தாவது, பழகிப் பார்ப்பது. காலபோகத்துக்கு வரம்பு கட்டி வாய்க்கால் துப்புரவாக்கும் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களே இதற்கும் உரிய காலம். ஆண்டுக்கு ஒருமுறையாவது பெற்றோரையும் சேர்த்துச் செய்து பார்க்கவேண்டும். பெற்றோர் இல்லாத ஒத்திகை பாதி ஒத்திகை.

பிள்ளைகள் இச்செய்தியை வீட்டுக்குக் கொண்டு வருவார்களா என்று சந்தேகிக்க வேண்டாம். 2009 க்குப் பின் மீள்குடியேற்றக் காலத்தில் மிதிவெடி அபாயக் கல்வி பாடசாலைகள் ஊடாக நடந்தது. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையைத் தாண்டி விறகுக்குப் போகவேண்டாம் என்று தகப்பன்மாரைத் தடுத்த பிள்ளைகளை வன்னியில் எத்தனையோ பேர் அறிவர்.

சொல்லப்படும் மறுப்புகள்

"பிள்ளையை வைத்திருந்து ஏதும் நடந்தால் என் தலையில் விழும்" என்று அதிபர்கள் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் நியாயமானது. அதனாற்றான் தீர்மானம் அதிபருடையதாக மட்டும் இருக்கக்கூடாது. பெற்றோர் ஒப்பமிட்ட கூட்டத் தீர்மானமாக இருக்கவேண்டும். அதை வலயக் கல்விப் பணிமனைக்கும் பிரதேச செயலகத்துக்கும் அனுப்பி வைத்தால் அதிபர் தனித்து நிற்கமாட்டார்.

"கூட்டத்துக்கு வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும்" என்கின்றனர் பெற்றோர். இதுவும் உண்மை. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின் அல்லது மாலையில் வைக்கலாம். பங்குத்தந்தையர் இதற்கு மண்டபத்தையும் மணியையும் விட்டுக்கொடுக்க வேண்டும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, எல்லாப் பிள்ளைகளுக்கும்.

"நாங்கள் தற்காலிகமாக இருப்பவர்கள்தானே" என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே என்னை மிகவும் வருத்துவது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து சில நாட்களில் திரும்பலாம் என்று புறப்பட்ட குடும்பங்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக முகாம்களில் இருந்தன. தற்காலிகம் என்ற சொல்லுக்குள் ஒரு தலைமுறை பிறந்து, படித்து, மணமுடித்துவிட்டது. சொந்தக் காணிக்குத் திரும்பும் உரிமையை நாம் ஒருநாளும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் நிலம் கிடைக்கும்வரை பிள்ளையின் பாதுகாப்பைத் தள்ளிப்போட முடியாது. மாரி மழை தற்காலிகக் குடியிருப்பு என்று பார்த்து ஒதுங்கிப் போவதில்லை.

சூசையப்பரும் மரியாளும் மூன்றாம் நாள் தங்கள் பிள்ளையைக் கண்டார்கள். மாவடிப்பள்ளியில் வீதியோரம் நின்று காத்திருந்த பெற்றோருக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு நீங்கள் கட்டாயம் போகவேண்டும். பின்வாங்கில் இருந்தாலும் எழுந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "வெள்ளம் வந்தால் எங்கட பிள்ளையை எங்க வைச்சிருப்பீங்கள், ஆரிட்டக் குடுப்பீங்கள்?" விடை உடனே கிடைக்காவிட்டால் கோபிக்க வேண்டாம். கிடைக்கும்வரை இருந்து, அதிபரோடும் ஆசிரியரோடும் சேர்ந்து அந்த விடையை எழுதிக்கொண்டு வீடு திரும்புங்கள்.